ஓட்டத்துக்கு முந்திய இரவு



காவிரி பாயும் தஞ்சை வளநாட்டில், கிழக்கு வெளுக்கும் முன்னரே ஆற்றங்கரைச் சாலைகளில் காலடி ஓசை கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஓடுவோர் பலதரத்தினர். காவல் துறைத் தேர்வுக்கும் படைத் தேர்வுக்கும் பயிற்சி செய்யும் இளைஞர் சிலர். கல்லூரி விளையாட்டு விழாவை எதிர்நோக்கி ஓடும் மாணவர் சிலர். அறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் நடத்தப்பெறும் நெடுந்தூர ஓட்டத்தில் கலந்துகொள்ள விரும்புவோர் சிலர். உடல்நலம் ஒன்றையே கருதி ஓடும் நடுத்தர வயதினர் சிலர். இவர்களுள் எவரும் ஓட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். பகலெல்லாம் படித்தும் உழைத்தும் களைத்தவர்கள், தம் விருப்பத்தால் ஓடுகின்றனர்.

இத்தகையோரிடையே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. 'நாளைக் காலையில் ஓட்டம். இன்றிரவு ஒரு பாட்டில் பீர் குடித்தால் என்ன?' என்பதே அது. கேட்பவர் தீயவர் அல்லர், பெரும்பாலும் அச்சமுற்றவர். குடிப்பதற்கு அவர் கூறும் காரணங்கள் மூன்று. பீர் தானியத்திலிருந்து வருவதாகையால் அதுவும் ஓர் உணவே என்பது முதற் காரணம். அதில் பெரும்பகுதி தண்ணீரே ஆகையால் உடலின் நீர்ச்சத்தைப் பெருக்கும் என்பது இரண்டாவது. நன்றாகத் தூங்க வைக்கும் என்பது மூன்றாவது. இம்மூன்றும் மெய்தானா என்பதை உடலியல் அறிஞர் கண்ட உண்மைகளைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

ஓட்டத்துக்கும் மதுவுக்கும் உறவு ஏற்பட்டது நேற்று இன்றன்று. 1904ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் ஒலிம்பிக் விழா நடந்தது. மாரத்தான் ஓட்டத்தன்று வெயில் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. சாலையெங்கும் புழுதி, தண்ணீர் கிடைத்த இடங்களோ மிகச் சில. புறப்பட்டவர் 32 பேர். ஓடி முடித்தவர் 14 பேரே. முதற்பரிசு பெற்ற தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு வழியில் அவருடைய துணைவர்கள் முட்டையின் வெண்கருவையும், எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் என்னும் நஞ்சைச் சிறு அளவிலும், பிராந்தியையும் ஊக்க மருந்தாகக் கொடுத்தனர். வென்ற அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வெளியேற்ற வேண்டியதாயிற்று. நான்காண்டுகள் கழித்து, 1908இல், இலண்டன் ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்க வீரர் சார்லஸ் ஹெஃபரான் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். முடிவிடத்துக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் இருக்கையில் ஒருவர் நீட்டிய ஷாம்பேன் மதுவை வாங்கிப் பருகினார். சற்று நேரத்தில் வயிற்றைப் பிடித்து இழுத்தது. பின்னால் வந்தவர்கள் அவரைக் கடந்து சென்றனர். அக்காலத்தில் மதுவை ஊக்கம் தரும் பொருளாகவே மருத்துவரும் கருதியிருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

பீரையும் ஓட்டத்தையும் ஒரு சங்கமாகவே கூட்டி வைத்தவர்களும் உண்டு. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் மக்கள் தோட்டங்களிலும் இருப்புப்பாதைகளிலும் உழைத்துக்கொண்டிருந்த மலேயா நாட்டில், 1938ஆம் ஆண்டில், கோலாலம்பூரில் இருந்த ஆங்கிலேயர் சிலர் கிஸ்பர்ட் என்னும் கணக்காய்வாளரின் முயற்சியால் 'ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்' என்ற ஓட்டக் குழுவைத் தொடங்கினர். ஒருவர் காகிதத் துண்டுகளைத் தூவிக்கொண்டு முன்னே ஓட, ஏனையோர் அத்தடத்தைத் தேடிக்கொண்டு பின்னே ஓடுவர். ஓடி முடித்தபின் பீர் அருந்துவர். வார இறுதியில் குடித்த குடியின் மயக்கத்தைப் போக்குதலும், நல்ல தாகத்தை வருவித்து அதைப் பீரால் தணித்தலும் தம் நோக்கங்கள் என்று 1950இல் தம் பதிவுச் சீட்டிலே எழுதிவைத்தனர். இக்குழுவின் கிளைகள் பின்னர் உலகெங்கும் பரவின. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் ஓடியது போட்டிக்காகவன்று, பொழுதுபோக்குக்காக. வேட்கை தணிப்பதும் ஓட்டத்துக்குப் பின்னரே. விளையாட்டாகச் செய்யப்பட்ட அவ்வழக்கத்தைப் பந்தயத்துக்கு முந்திய இரவுக்குக் கொண்டுவந்து பொருத்துவது வேறு.

இனி, 'பீர் உணவாகும்' என்ற முதற் காரணத்தை எடுத்துக்கொள்வோம்.

ஓடுகிறவனுடைய உடலில் எரிபொருள் எங்கே இருக்கிறது? நாம் உண்ணும் சோறு செரித்துக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறுகிறது. உடனே தேவைப்படாத சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளாக உடல் சேமித்து வைக்கிறது. நன்றாக உண்ட ஒருவரின் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும், தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் கிளைக்கோஜன் இருக்கும். இவ்விரு சேமிப்புகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அதைத் தஞ்சை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிது.

1934ஆம் ஆண்டு முதல் நம் வயல்களுக்கு நீர் தருவது மேட்டூர் அணை. அங்கே தேங்கிய நீர் ஆற்றின் வழியே கல்லணைக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து, வாய்க்கால் தோறும் பாய்ந்து, கடைமடை வரை செல்கிறது. கல்லீரல் அந்த மேட்டூர் அணையை ஒத்தது. அது தன் சேமிப்பைச் சர்க்கரையாக்கி இரத்தம் என்னும் ஆற்றில் விடுகிறது. அந்த ஆறு மூளைக்கும் தசைக்கும் பாய்கிறது. தசையில் உள்ள சேமிப்போ, வரப்புக் கட்டிய வயலில் நிற்கும் நீர் போன்றது. அந்த வயலுக்குப் பயன்படுமே அல்லாமல், ஆற்றுக்குத் திரும்பி வேறு வயலுக்குப் பாயாது. ஆகவே மூளையும் இரத்தமும் தம் சர்க்கரைக்குக் கல்லீரலையே நம்பியிருக்கின்றன. இரவு முழுவதும் நாம் உண்ணாமல் உறங்கும்போது மூளைக்குச் சர்க்கரை அனுப்பி அனுப்பி, விடியும்போது அந்த அணையில் பாதிக்கு மேலும் வற்றியிருக்கலாம்.

அணை வற்றும்போது கல்லீரல் கைகட்டி நிற்பதில்லை. விரைந்து ஓடும்போது தசைகளில் லாக்டேட் என்னும் பொருள் உண்டாகிறது. அதனை இரத்தத்திலிருந்து எடுத்து, மீண்டும் சர்க்கரையாக்கித் தசைக்கே அனுப்பும் அரிய தொழிலைக் கல்லீரல் செய்கிறது. இச்சுழற்சியைக் கண்டுபிடித்தவர்கள் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி என்னும் கணவனும் மனைவியும் ஆவர். கிளைக்கோஜன் பற்றிய ஆராய்ச்சிக்காக 1947இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர்.

இப்போது மது உள்ளே வருகிறது. ஆல்கஹாலைத் தசை எரிக்க இயலாது. அதனை மாற்றி அழிக்கும் வேலை பெரும்பாலும் கல்லீரலுடையதே. நஞ்சை முதலில் அகற்ற வேண்டும் என்பதால், மற்ற வேலைகளை அது ஒதுக்கி வைக்கிறது. அறுப்புக் காலத்தில் ஊரில் உள்ள வண்டிகள் எல்லாம் வைக்கோல் ஏற்றப் போய்விட்டால், களத்தில் கிடக்கும் நெல்லை வீட்டுக்குக் கொண்டு சேர்க்க வண்டி இராது அன்றோ? அதுபோல, கல்லீரலில் வேதியியல் மாற்றங்களுக்குச் சுமை தூக்கிகளாக உள்ள நுண்பொருள்கள் ஆல்கஹாலுக்கே செலவாகிவிடுவதால், லாக்டேட்டைச் சர்க்கரையாக்கும் தொழில் தடைப்படுகிறது. வற்றிய அணைக்கு மழையும் இல்லை என்ற நிலை ஏற்படுகிறது.

பீரில் சத்து இல்லையா என்று கேட்கலாம். 650 மில்லிலிட்டர் கொண்ட பாட்டில் ஒன்றில் மாவுச்சத்து ஏறத்தாழ 20 கிராம் இருக்கும். 100 கிராம் அரிசியில் 75 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உண்டு. பீர் தரும் கலோரியில் பெரும்பகுதி ஆல்கஹாலிலிருந்து வருவது; அது ஓடும் காலுக்கு உதவாது. நெல் விளையும் நாட்டில் பிறந்தவன், எரிபொருளுக்காகப் பீர்க் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. அடுக்களைக்குச் சென்றாலே போதும்.

இரண்டாவது காரணம், பீர் தண்ணீர் தருகிறது என்பது. இதில் பாதி உண்மையே உண்டு.

நம் ஊர்ப் பக்கத்தில் வாய்க்கால் தலைப்புகளில் மதகுப் பலகைகளை ஏற்றி இறக்கும் பணியாளரை லஸ்கர் என்று அழைப்பர். உடலிலும் அத்தகைய லஸ்கர் ஒருவர் உண்டு. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வெளிப்படும் வாசோபிரெசின் என்னும் சுரப்புநீரே அவர். 'தண்ணீரைச் சிக்கனமாக வெளியேற்று' என்று சிறுநீரகத்துக்கு ஆணையிடுவது அதன் வேலை. ஆல்கஹால் இரத்தத்தில் ஏறும்போது இச்சுரப்பு குறைகிறது. லஸ்கர் உறங்கிவிட்ட இரவில் மதகு திறந்தே கிடக்க, பாசனத்துக்குரிய நீர் வீணே கடலுக்குப் போவது போல, உடலின் நீர் வெளியேறிவிடுகிறது. இங்கிலாந்தில் கிரேஸ் எகிள்டன் என்னும் பெண் அறிஞர் இதனை அளந்து, ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு ஏறத்தாழ 10 மில்லிலிட்டர் சிறுநீர் கூடுதலாக வெளியேறுகிறது என்று 1942இல் எழுதினார். மென்மையான பீர் ஒரு கோப்பை மட்டும் அருந்தினால், உள்ளே போன நீர் இந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடு செய்துவிடும். ஆனால் வன்மையான பீரிலும், பாட்டில்கள் கூடும்போதும், கணக்கு மாறுகிறது. போதாக்குறைக்கு இரவில் பலமுறை எழுந்திருக்கவும் நேர்கிறது.

இவ்விழப்பு குளிர்நாட்டில் பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். காவிரிப் படுகையில் அப்படியன்று. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், ஏறத்தாழ 600 கலோரி செலவாகும். அதில் கால் பங்கே ஓட்டமாக மாறுகிறது. முக்கால் பங்கு, அதாவது 450 கலோரி, வெறும் வெப்பமாக உடலில் எஞ்சுகிறது. அதை வெளியேற்ற நமக்குள்ள சிறந்த வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது 580 கலோரி அளவு வெப்பத்தைக் கொண்டு செல்லும். 'ஆவியாகும்போது' என்ற சொல்லே இங்கு முக்கியம். நாகப்பட்டினம், வேதாரணியம் போன்ற கடலோர ஊர்களிலும், நீர் நிற்கும் வயல்கள் சூழ்ந்த உள்நாட்டு ஊர்களிலும், காற்றில் ஈரம் மிகுதி. அங்கே வியர்வை ஆவியாகாமல் தரையில் சொட்டுகிறது. நீர் போகிறது; வெப்பம் போவதில்லை. உடல் மேலும் மேலும் வியர்க்கிறது. அவ்வேளையில், முந்திய இரவே நீர் குறைந்து போயிருந்தால் இரத்தத்தின் அளவு சுருங்குகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. தோலுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து, உள்வெப்பம் ஏறுகிறது.

வியர்வை தடைப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு வரலாற்றில் ஒரு துயரச் சான்று உண்டு. 1912ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் போர்த்துக்கல் நாட்டு ஓட்டக்காரர் பிரான்சிஸ்கோ லாசரோ, வெயிலுக்குக் காப்பாக உடலில் கொழுப்புப் பூசிக்கொண்டு மாரத்தான் ஓடினார். பூச்சு வியர்வையைத் தடுத்தது. வழியில் விழுந்த அவர் மறுநாள் இறந்தார். அவர் கதை மதுவைப் பற்றியதன்று. ஆயினும், உடலின் குளிர்விக்கும் ஏற்பாட்டில் கை வைத்தால் ஓட்டம் உயிரையும் கேட்கும் என்பதை அவர் கதை உணர்த்துகிறது. முந்திய இரவு மதுவும் அதே ஏற்பாட்டில்தான், வேறு வழியாக, கை வைக்கிறது.

மூன்றாவது காரணம் தூக்கம். மது அருந்தியவன் விரைவில் உறங்கிவிடுகிறான் என்பது உண்மையே. ஆனால் அவ்வுறக்கம் இரவின் முற்பகுதிக்கே உரியது. கனவு காணும் உறக்கம் என்று அறிஞர் கூறும் பகுதி குறைகிறது. ஆல்கஹால் இரத்தத்திலிருந்து நீங்க நீங்க, பின்னிரவில் உறக்கம் துண்டு துண்டாகிறது, வாய் உலர்கிறது, உறக்கத்திலும் நாடித்துடிப்பு இயல்பைவிட மிகுந்திருக்கிறது. படுக்கையில் எட்டு மணி நேரம் கிடந்தவன், ஓய்வு கொள்ளாதவனாக எழுகிறான்.

எத்தனை நேரம் அது உடலில் இருக்கும்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாட்டிலில் 8 சதவீதம் என்று அச்சிட்ட வன்மையான பீர் 650 மில்லிலிட்டரில், தூய ஆல்கஹால் 52 மில்லிலிட்டர் உண்டு; எடையில் அது 41 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 அல்லது 8 கிராமையே அகற்றும்; ஆளுக்கு ஆள் இது சிறிது மாறலாம். எனவே ஒரு பாட்டில் நீங்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். இரண்டு பாட்டிலுக்கு ஏறத்தாழ பத்துப் பதினொரு மணி நேரம் ஆகும். இரவு 9 மணிக்கு இரண்டு பாட்டில் குடித்து முடித்தவன், விடியற்காலை 5 மணிக்கு மோட்டார் சைக்கிளில் மைதானத்துக்குப் புறப்படும்போது, அவன் இரத்தத்தில் ஆல்கஹால் இன்னும் இருக்கிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று மோட்டார் வாகனச் சட்டம் விதித்த எல்லையை அது தாண்டியும் இருக்கக்கூடும். குளிர்ந்த நீரில் குளித்தாலும், மோர் குடித்தாலும், காப்பி குடித்தாலும் இக்கணக்கு மாறாது. 'ஓடி வியர்த்தால் இறங்கிவிடும்' என்பதும் வீண் நம்பிக்கையே. வியர்வையிலும் மூச்சிலும் வெளியேறுவது மிகச் சிறு பகுதிதான்.

இதய மருத்துவரும் ஒரு எச்சரிக்கை தருகின்றனர். வார இறுதியிலும் விடுமுறையிலும் மிகையாகக் குடித்தபின் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறி மருத்துவமனைக்கு வந்தோரை ஆராய்ந்து, எட்டிங்கர் என்னும் அமெரிக்க மருத்துவர் 1978இல் அந்நிலைக்கு 'விடுமுறை இதயம்' என்று பெயரிட்டார். ஒழுங்கு தவறிய இதயத்தோடு ஓடத் தொடங்குவது எத்தகைய துணிவு என்று சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் கேட்டபின், படித்த மாணவர் ஒருவர் ஒரு தடை எழுப்பலாம். '1972ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக்கில் மாரத்தான் வென்ற அமெரிக்கர் பிராங்க் ஷார்ட்டர், முந்திய இரவு இரண்டு லிட்டர் ஜெர்மன் பீர் குடித்தார் என்கிறார்களே?' என்பார். அச்செய்தி ஓட்டக்காரர்களிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அது மெய்யென்றே கொள்வோம். ஷார்ட்டர் வென்றது பீரால் அன்று. ஆண்டுக்கணக்கில், நாள்தோறும், பல கிலோமீட்டர் ஓடிய ஓட்டத்தால். கடன் சுமந்தும் ஒரு செல்வன் செல்வனாகவே இருக்கலாம். அதைக் கண்டு ஏழை கடன் வாங்கலாமா? மேலும், மூனிக்கின் செப்டம்பர் மாதப் பருவநிலை வேறு. நம் தஞ்சையின் செப்டம்பர் வேறு.

அதே மூனிக் நகரில் 2009ஆம் ஆண்டு மாரத்தானையொட்டி நடந்த ஆராய்ச்சி ஒன்று இதைவிடப் பயன் தருவது. 277 ஓட்டக்காரர்களுக்கு, ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பிருந்து இரண்டு வாரம் பின்பு வரை, ஒரு சாராருக்கு ஆல்கஹால் நீக்கிய கோதுமைப் பீரும், மற்றொரு சாராருக்கு அதைப் போன்ற வேறொரு பானமும் நாள்தோறும் கொடுத்துப் பார்த்தனர். ஆல்கஹால் நீக்கிய பீர் அருந்தியோருக்குச் சளி, தொண்டைக் கோளாறு குறைவாக வந்தது. தானியத்திலிருந்து வரும் சில தாவரச் சத்துகளே இதற்குக் காரணம் என்று கருதினர். பீரில் நன்மை ஏதேனும் இருந்தால், அது ஆல்கஹாலை நீக்கிய பின்னும் எஞ்சுவதே என்பது இதனால் விளங்குகிறது.

உண்மையை உள்ளவாறே கூறுதல் வேண்டும். வயது வந்த ஒருவர், மாலையில், உணவோடு, மென்மையான பீர் ஒரு சிறு கோப்பை அருந்தினால், மறுநாள் ஓட்டத்தில் அதன் தீங்கு அளவிட இயலாத அளவு சிறிதாக இருக்கலாம். தீங்கு அளவோடு வளர்வது. ஆனால் அச்சம் போக்கக் குடிப்பவன் சிறு கோப்பையோடு நிற்பது அரிது. நட்பின் வற்புறுத்தலும் சேர்ந்தால் சொல்லவே வேண்டியதில்லை. வழக்கமான வார இறுதிக் குடிக்குப்பின் மறுநாள் காலையில் ரக்பி விளையாட்டு வீரர்களைச் சோதித்த ஓர் ஆய்வு 1993இல் வெளிவந்தது. அவர்களுடைய மூச்சாற்றல் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது.

பத்தில் ஒரு பங்கு என்பது நம் பிள்ளைகளுக்கு என்ன பொருள் தரும்? தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் எழுத்துத் தேர்வுக்குப் படித்த படிப்பெல்லாம் பயனற்றுப் போகும். ஏழு நிமிட ஓட்டத்துக்குக் கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்பு பெரிதாகத் தேவைப்படாது என்பது மெய்யே. ஆயினும் நாடித்துடிப்பு, மூச்சு, குமட்டல், தலைச்சுற்றல் ஆகியவை அங்கே தீர்ப்பளிக்கும். வயலில் உழைக்கும் தாய் தந்தையரின் எதிர்பார்ப்பைச் சுமந்துகொண்டு தேர்வு நடக்கும் ஊருக்குச் சென்று, விடுதி அறையில் தங்கும் இளைஞனுக்கு அந்த இரவு மிக நீண்டதாகத் தோன்றும். 'பயமாக இருக்கிறதா? ஒன்று குடி, நன்றாகத் தூங்கலாம்' என்று அருகில் இருப்பவன் சொல்வான். அங்கேதான் ஒரு செய்தியை நினைவில் கொள்ள வேண்டும்.

அச்சத்தால் ஓரிரவு தூக்கம் குறைந்தால், அதற்கு முந்திய இரவுகளில் நன்கு உறங்கியவனுடைய ஓட்டம் பெரிதாகக் கெடுவதில்லை. பந்தயத்துக்கு முன்னிரவில் புரண்டு புரண்டு படுத்துவிட்டு, மறுநாள் வென்ற வீரர் பலர். கண்ணை மூடிக்கொண்டு அமைதியாகக் கிடந்தாலே கால்கள் ஓய்வு பெறும். தூக்கமின்மை தரும் தீங்கு சிறிது. அதற்கு மருந்தென்று எண்ணிக் குடிக்கும் மது தரும் தீங்கே பெரிது. இதைத் தெரிந்துகொண்டால், அச்சத்தின் பாதி அப்போதே நீங்கிவிடும்.

நம் முன்னோர் மதுவை அறியாதவர் அல்லர். அரிசியிலிருந்து வடித்த 'தோப்பி' என்னும் கள்ளைப் பெரும்பாணாற்றுப்படை குறிப்பிடுகிறது. அதன் தீமையை உணர்ந்த வள்ளுவர், கள்ளுண்ணாமைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். 1948ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1971இல் அது தளர்த்தப்பட்டது. பின்னர்ச் சட்டம் பலமுறை மாறியது. 2003 முதல் அரசு நிறுவனமே கடை வைத்து விற்கிறது. 21 வயது நிரம்பாதவருக்கு விற்றலாகாது என்பது இன்றும் சட்டம். ஆனால் கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் கல்லீரலின் கணக்கு ஒன்றேதான்.

அவ்வாறாயின் அந்த இரவில் என்ன செய்யலாம்? வழக்கமான நேரத்துக்குச் சற்று முன்னரே, வழக்கமான உணவையே உண்ண வேண்டும். சோறும் பருப்பும் போதும். காரமும் எண்ணெயும் மிகுந்த விருந்து வேண்டா. மாலையிலிருந்து சிறுகச் சிறுகத் தண்ணீர் அருந்த வேண்டும். உப்பிட்ட மோரும், பழஞ்சோற்று நீராகாரமும் நீரையும் உப்பையும் ஒருங்கே தருவன. ஆனால் பழக்கமில்லாத எதையும் ஓட்டத்தன்று காலையில் புதிதாக முயலலாகாது. அளவுமீறித் தண்ணீர் குடித்தலும் தீதே. இரத்தத்தின் உப்பு நீர்த்துப்போய் உயிருக்கு இடர் வந்ததுண்டு. தாகத்தின் அளவறிந்து குடித்தலே முறை. காலணியையும் அனுமதிச் சீட்டையும் எடுத்து வைத்துவிட்டு, விளக்கை அணைத்துப் படுத்துவிட வேண்டும்.

ஒருவன் முந்திய இரவு மிகையாகக் குடித்துவிட்டான் என்றால், மறுநாள் நெடுந்தூரம் ஓடாமல் நின்றுகொள்வதே அறிவுடைமை. அப்படி நிற்பது கோழைத்தனம் ஆகாது. உடன் ஓடுபவன் தள்ளாடினால், பேச்சுக் குழறினால், கேட்டதற்குப் பொருந்தாத விடை சொன்னால், வெப்பத் தாக்கு என்று ஐயுற வேண்டும். ஒரு நொடியும் தாமதியாமல் 108 வண்டியை அழைத்து, அது வரும்வரை உடலைக் குளிர்விக்க வேண்டும். நம் ஊர்களில் அதற்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பம்புசெட்டுத் தொட்டி அருகிலேயே இருக்கும். தலை நீரில் மூழ்காமல் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்துவரை நீரில் இருத்தலாம். இயலாதபோது நிழலில் கிடத்தி, குடம் குடமாக நீர் ஊற்றி விசிறலாம். நினைவிழந்தவன் வாயில் நீர் புகட்டுதல் கூடாது.

நம் அண்டை மாவட்டமாகிய புதுக்கோட்டையிலிருந்து எழுந்த லோ. சூர்யா 2016ஆம் ஆண்டு தெற்காசிய விளையாட்டு விழாவில் 5000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் தங்கம் வென்றார். அதே மாவட்டத்துக் கோ. லட்சுமணன் 2017இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் அவ்விரு ஓட்டங்களிலும் முதலிடம் பெற்றார். பெரிய நகரங்களின் வசதி இல்லாத மண்ணிலிருந்தும் ஆசியாவின் முதலிடத்துக்கு ஓட முடியும் என்பதற்கு இவர்கள் சான்று. இவர்களைப் போல எல்லோரும் பதக்கம் வெல்லப் போவதில்லை. ஆயினும், பல மாதம் விடியலில் எழுந்து சேர்த்த உழைப்பைத் தன் கையாலேயே ஓரிரவில் கரைத்துவிடாமல் இருப்பது எல்லோராலும் ஆகும்.

குறுவைக்கு உழுது, நாற்றுவிட்டு, நட்டு, களையெடுத்த உழவன், அறுப்புக்கு முந்திய நாள் வயலில் மடையைத் திறந்துவிட்டு உறங்கப் போவதில்லை. ஓட்டக்காரனும் அவ்வாறே அந்த ஓரிரவு மட்டும் விழிப்போடு இருந்தால் போதும். விடியற்காலையில் கால்கள் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும்.